தொழுவத்தில் கற்ற தொழுதல்

(நாரணாபுரத்தில் மார்கழி வழிபாட்டின்போது ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வழிபாட்டில் பணிவு' என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்று அன்பர்கள் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் ஆதலால், முதலில் நூல்களைத்தான் புரட்டினேன். ஆயினும், அடியேனுக்கு இறைவன் திருமுன் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதை முதன்முதலில் கற்பித்தவை நூல்கள் அல்ல. எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நின்ற இரண்டு காளைகள். அதை மறைத்துவிட்டு நூலறிவை மட்டும் உங்கள்முன் விரித்தால் அது நேர்மையாகாது.

நம் தமிழில் 'தொழு' என்று ஒரு சொல் உண்டு. வினைச்சொல்லாகக் கொண்டால் வணங்கு என்று பொருள். பெயர்ச்சொல்லாகக் கொண்டால் மாடு கட்டும் இடம் என்று பொருள். வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குள் அடியேன் புகவில்லை. மாட்டுக்கொட்டிலையும் மாதேவனை வணங்குவதையும் ஒரே ஒலியால் சுட்டும் மொழியில் நாம் பிறந்திருக்கிறோம் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். தொழுவில் நிற்கத் தெரிந்தவனுக்குத் தொழவும் தெரியும் என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

பசு காட்டிய இடம்

நம் ஊர் நாரணன் பெயரைத் தாங்கிய ஊர். அருகில் இருப்பது சிவகாசி. அவ்வூருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பாண்டியன் அரிகேசரி பராக்கிரமன், காசிக்குச் சென்று சிவலிங்கம் ஒன்றைக் கொண்டு வந்தான். தென்காசியில் அதை நிலைபெறுவிக்க வேண்டும் என்பது அவன் உள்ளக் கிடக்கை. வழியில் வில்வ மரங்களின் நிழலில் இளைப்பாறினான். மீண்டும் புறப்பட்டபோது, இலிங்கத்தைச் சுமந்து வந்த பசு அடியெடுத்து வைக்க மறுத்து நின்றுவிட்டது. அரசன் அவ்விடத்திலேயே இலிங்கத்தை எழுந்தருளச் செய்தான். அதனாலேயே அவ்வூர் சிவகாசி ஆயிற்று என்று தலவரலாறு கூறுகிறது.

இக்கதையைச் சொல்லும்போது நாம் பசுவைப் பற்றி வியக்கிறோம். அரசனைப் பற்றி வியப்பதில்லை. சற்றே எண்ணிப் பாருங்கள். அவனிடம் படை இருந்தது, ஏவலாளர் இருந்தனர், கையில் கோல் இருந்தது. கங்கைக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தபின், குறித்த ஊரை நெருங்கிக்கொண்டிருக்க, ஒரு பசு நின்றுவிட்டது. 'அடித்து ஓட்டுங்கள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அல்லது அச்சுமையை வேறொரு மாட்டின்மேல் ஏற்றியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. தன் விருப்பத்தை நிறுத்திக்கொண்டு, வாயில்லாத உயிரின் மறுப்பில் இறைவனின் குறிப்பைக் கேட்டான்.

வழிபாடு என்பது நாம் கேட்பது என்றே பலரும் கருதுகிறோம். 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டிக் கேட்பது ஒன்று; செவி கொடுத்துக் கேட்பது மற்றொன்று. நாம் முதல் பொருளிலேயே நின்றுவிடுகிறோம். அப்பாண்டியன் இரண்டாவது பொருளில் கேட்டான். அவன் அன்று செவி கொடுத்ததால் நமக்கு ஒரு திருக்கோயில் கிடைத்தது.

தந்தையார் காட்டிய நெறி

அடியேனின் தந்தையார் எழுத்தறிவு மிகுதியும் இல்லாதவர். வானம் பார்த்த கரிசல் நிலத்தில் கம்பும் பருத்தியும் விதைத்தவர். கிணற்றடியில் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. அதற்குக் கமலை கட்டி நீர் இறைப்பார்கள். தொழுவத்தில் இரண்டு காளைகள்: ஒன்று மயிலை, மற்றொன்று செவலை. நிறத்தையே பெயராக வைத்து அழைப்போம். அவர் அவற்றிடம் நடந்துகொண்ட முறையை இப்போது நினைத்தால், ஆகம விதி தவறாத அருச்சகரின் நியமம்போல் தோன்றுகிறது.

விடியுமுன் தொழுவுக்குள் நுழைவார். நுழையுமுன் வாசலில் நின்றே குரல் கொடுப்பார். காளையின் பின்புறமாக ஒருபோதும் அணுகமாட்டார். மாட்டின் கண்கள் முகத்தின் இருபக்கமும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றுமுற்றும் அதனால் காண இயலும். நேர் பின்புறத்தில் மட்டும் பார்வை எட்டாத வெளி ஒன்று உண்டு. அங்கிருந்து திடீரென வருபவனை மாடு பகைவன் என்றே கருதும். இவ்விளக்கத்தை அடியேன் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். தந்தையார் படியாமலே அறிந்திருந்தார். "சொல்லாமத் தொடாதே, தொடாமப் பூட்டாதே" என்பது அவர் வாக்கு. பெயர் சொல்லி அழைப்பார், திமிலைத் தடவுவார், நெற்றியைத் தொட்டுத் தம் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதன் பின்னரே நுகத்தடியைத் தொடுவார்.

மாலையில் வேலை முடிந்தால் தமக்கு முன்னே மாட்டுக்கு நீர்; தம் உணவுக்கு முன்னே மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் சோளத்தட்டையும். அந்த வரிசை மாறியதே இல்லை. மழை பெய்தாலும், உடல் நலம் குன்றினாலும், வீட்டில் விருந்தினர் வந்தாலும் மாட்டுக்குரிய நேரம் மாட்டுக்குத்தான். "அதுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது, ஐயா, பசி மட்டும்தான் தெரியும்" என்பார். காலம் தவறாமை வழிபாட்டின் முதல் அங்கம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூல் எனக்கு உரைத்தது?

கமலை இறைப்பை இக்காலப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். கிணற்றிலிருந்து சரிவாக ஒரு தடம் கீழிறங்கும். காளைகள் அச்சரிவில் முன்னோக்கி இறங்கும்போது, வடத்தில் கட்டிய சால் நீரோடு மேலே வரும். நீர் கொட்டியதும் காளைகள் அதே சரிவில் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். முன்னே நடப்பதற்குக் கண் துணை செய்யும். பின்னே நடப்பதற்கு ஓட்டுபவனின் குரல்தான் துணை. காணாத திசையில், கிணற்றை நோக்கி, குரலை மட்டும் நம்பிக் கால் வைக்கும் அக்காளைகளை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இறைவனிடம் நாம் கொள்ள வேண்டிய நம்பிக்கைக்கு அதைவிடச் சிறந்த உவமை எனக்கு இன்றுவரை கிட்டவில்லை.

அடியேன் செய்த பிழை

இப்போது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது 13 வயது. சித்திரை மாதம், பள்ளி விடுமுறை. சிவகாசியில் பொங்கல் திருவிழா. அன்று தந்தையார் வெளியூர் செல்ல நேர்ந்தது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலையை விரைவில் முடித்தால் தோழர்களோடு திருவிழாவுக்குச் செல்லலாம். அம்மனைத் தொழப் போகும் அவசரம்! அந்த அவசரத்தில் பொழுது ஏற ஏற, மயிலையின் நடை தளர்ந்தது. நான் குரல் கொடுக்கவில்லை, தார்க்குச்சியைத்தான் கொடுத்தேன். பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்த காளையைப் பின்புறமிருந்தே குத்தினேன். அது மிரண்டு கால் தடுமாறிச் சரிவில் மண்டியிட்டு விழுந்தது. முழங்காலில் தோல் கிழிந்து குருதி வடிந்தது. தொடையில் என் கோலின் தழும்பு.

மாலையில் தந்தையார் வந்தார். காளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நடுங்கி நின்றேன். அவர் கை ஓங்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "கோயிலுக்குப் போகணும்னுதானே அவசரப்பட்டே? இப்ப உனக்குக் கோயில் இங்கதான். இவன் உன்னை ஏத்துக்கிட்டாத்தான் அம்மன் உன்னை ஏத்துக்குவா."

அன்று முதல் மயிலையைப் பேணுவது என் கடமை ஆயிற்று. காலையும் மாலையும் புண்ணைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவேன். முதல் மூன்று நாள்கள் நான் அருகில் சென்றதுமே அதன் தோல் சிலிர்த்து அதிரும். தட்டையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசித்திருந்தும் என் கையிலிருந்து உண்ணாது. தரையில் வைத்துவிட்டு நான் விலகிய பின்னரே உண்ணும். என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டிப்பிடித்து அழுதேன், அது இன்னும் மிரண்டது. தந்தையார் சொன்னார்: "உன் அழுகை அதுக்கு எதுக்கு? தள்ளி நில்லு. தினம் அதே நேரத்துக்கு வா. ஒண்ணும் கேக்காதே."

ஒன்றும் கேட்காதே! அன்பர்களே, அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. நான் அழுதது மயிலைக்காக அன்று; என் மன உளைச்சல் தீர்வதற்காக. மன்னிப்பையும் உடனே பெற்றுவிட வேண்டும் என்னும் அவசரம் அது. திருவிழாவுக்குச் செல்லும் அவசரத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் நான்தான் முன்னே நின்றேன்.

அதன்பின் தள்ளி நின்றேன். அதே நேரத்துக்கு வந்தேன். நீர் காட்டினேன், சாணம் அள்ளினேன், புண்ணைக் கழுவினேன், பேசாமல் திரும்பினேன். ஒன்பதாம் நாள் காலை, குனிந்து சாணம் அள்ளிக்கொண்டிருந்தபோது முதுகில் வெப்பமான மூச்சு பட்டது. மயிலை கழுத்தை நீட்டி என் தோளை முகர்ந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை. நெடுநேரம் முகர்ந்துவிட்டுத் தன் சொரசொரப்பான நாவால் ஒருமுறை நக்கியது.

அன்று மாலை தந்தையார் என்னை அழைத்துக்கொண்டு திருத்தங்கல் மலைக்குச் சென்றார். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான அத்தலத்தில், நின்ற நாராயணன் திருமுன் நிறுத்தி, "இப்பக் கும்பிடு" என்றார். கை குவித்தேன். அதுவரை கோயிலில் நின்றபோதெல்லாம் தேர்வு, புதுச்சட்டை, தோழனோடு வழக்கு என்று ஏதேனும் ஒரு வேண்டுதல் நாவில் இருக்கும். அன்று ஒன்றும் இல்லை. மயிலையின் மூச்சு மட்டும் தோளில் இருந்தது. அடியேன் வாழ்நாளில் செய்த முதல் வழிபாடு அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.

கோதை கொண்ட ஆயர் கோலம்

இது மார்கழி. நம் மாவட்டத்திலேயே, திருவில்லிபுத்தூரில் தோன்றிய கோதை நாச்சியார் அருளிய திருப்பாவை முப்பதும் நாடெங்கும் ஒலிக்கும் மாதம். பெரியாழ்வாரின் திருமகளாகத் துளசி வனத்தருகே வளர்ந்த அப்பெருமாட்டி, இறைவனை அணுகத் தமக்கு எந்தக் கோலத்தைத் தேர்ந்தார்? அரசகுமாரியின் கோலத்தை அன்று; கற்றறிந்த புலமையாளரின் கோலத்தையும் அன்று. மாடு மேய்க்கும் ஆய்ச்சியின் கோலத்தைத் தேர்ந்தார். வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகப் பாவித்தார் என்பது பெரியோர் வழக்கு.

திருப்பாவை முழுவதும் கறவைகளின் காலடி ஓசை கேட்கும். மூன்றாம் பாசுரத்தில் குடம் நிறையப் பால் சுரக்கும் வள்ளற் பசுக்களைக் காட்டுகிறார். எட்டாம் பாசுரத்தில் வைகறையில் பனிப்புல் மேயச் செல்லும் எருமைகளைக் காட்டுகிறார். பன்னிரண்டாம் பாசுரத்தில் இன்னும் அருமையான காட்சி ஒன்றுண்டு. இளங்கன்றை நினைத்த எருமைக்கு மடி தானே சுரக்கிறது. கறப்பவர் கை படாமலே பால் பெருகி, வீட்டு வாசல் சேறாகிறது. பால் மடியிலிருந்து பிடுங்கப்படுவதன்று, நினைவிலிருந்து சுரப்பது. இதைக் கறவை வைத்திருப்போர் நன்கறிவர். மிரண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும். கன்றை அருகில் விட்டு, மடியைக் கழுவி, இன்சொல் கூறி அமர்ந்தால் தானே இறக்கிக் கொடுக்கும். இறைவன் அருளும் அத்தகையதே. நூறு முறை சுற்றிவந்து நெருக்கினாலும் அருள் நம் பிடிக்குள் வராது. கன்றாகி நின்றால் தானே சுரக்கும்.

இருபத்தெட்டாம் பாசுரமே நம் பொருளுக்கு உயிர்நிலை. பசுக்களைத் தொடர்ந்து காடு சென்று உண்பவர்கள் நாங்கள். அறிவென்று சொல்லத்தக்கது எங்களிடம் இல்லை. நீ எங்கள் குலத்தில் வந்து பிறந்தாய் என்னும் பேறு ஒன்றே எங்களுக்கு உண்டு. அவ்வுறவு உன்னாலும் எம்மாலும் ஒழிக்க முடியாதது என்கிறார்கள் ஆய்ச்சியர். பிறகு மன்னிப்பு வேண்டுகிறார்கள். எதற்காக? அறியாத பிள்ளைகளாய், அன்பு மிகுதியால் உன்னைச் சிறிய பெயர்களால் அழைத்துவிட்டோம், அதற்குச் சினவாதே என்று!

இதுவன்றோ பணிவு! பொருள் வேண்டுமுன் பிழை பொறுக்க வேண்டுகிறார்கள். இத்தெளிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மாட்டுக்குப் பின்னே நடந்து வந்தது. முன்னே நடப்பவன் தலைவன். பின்னே நடப்பவன் காவலன். மேய்ப்பவன் மாட்டின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். அது நின்றால் நிற்கிறான். அது நிழல் தேடினால் தானும் தேடுகிறான். நாள்தோறும் இவ்வாறு நடந்தவனுக்குத் தான் பெரியவன் என்னும் எண்ணம் எளிதில் தலையெடுக்காது.

அதற்கடுத்த பாசுரத்தைப் பாருங்கள். நோன்பின் தொடக்கத்திலிருந்து பறை வேண்டும் என்று கேட்டவர்கள், இருபத்தொன்பதாம் பாசுரத்தில் அப்பறைக்காக நாங்கள் வரவில்லை என்கிறார்கள். என்றென்றும் உனக்கே ஆட்பட்டிருக்க வேண்டும், எங்கள் மற்ற விருப்பங்களை நீயே மாற்றிவிடு என்கிறார்கள். கேட்க வந்தவர்கள் தொண்டு செய்ய நின்றார்கள். இவ்விரு பாசுரங்களிலும் இறைவனை அழைக்கும் பெயர் கோவிந்தன். ஆக்களைக் காப்பவன் என்பது அதன் பொருள். அவனே மேய்ப்பன் என்றால் அவன் திருமுன் நாம் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சேய்ஞலூர்ப் பிள்ளையார்

சைவ மரபிலும் இதே உண்மை விளங்குகிறது. திருச்சேய்ஞலூரில் வேதம் கற்ற சிறுவர் விசாரசருமர். கன்று ஈன்ற பசு ஒன்று தன்னைக் கொம்பால் முட்ட வந்தது கண்ட மேய்ப்பன், அதைக் கோலால் அடித்தான். அதைக் காணப் பொறாத விசாரசருமர், அன்று முதல் அவ்வூர் ஆநிரையைத் தாமே மேய்க்கத் தொடங்கினார். நல்ல புல் உள்ள இடம் தேடி மேய்த்தார்; நிழலில் நிறுத்தினார்; நீர்த்துறையில் நீரூட்டினார். அடி அறியாத பசுக்கள் மகிழ்ந்து, இவரைக் கண்டதும் கன்றைக் கண்டதுபோல் தாமே பால் பொழிந்தன. அவ்வாறு பொழிந்த பாலைக் கொண்டே மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்துத் திருமுழுக்காட்டினார். அவரே சண்டேசுவர நாயனார் என்பதைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கிறார்.

முறையைக் கவனியுங்கள். முதலில் பூசை, பிறகு பசுப் பராமரிப்பு என்று இல்லை. அடிபட்ட பசுவின்பால் இரக்கம் முதலில் வந்தது. பேணல் பின்னர் வந்தது. பால் தானே வந்தது. பூசை கடைசியில் மலர்ந்தது. அப்பூசைக்கு இறைவன் அளித்த பரிசு என்ன? தன் முடிமேல் இருந்த மாலையையே எடுத்துச் சூட்டினான். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலில் அக்காட்சி சிற்பமாக நிற்கிறது. அதன்முன் நின்றால் குனிந்து கைகூப்பிய அவ்வடியாரின் பணிவே கண்ணில் நிறையும்.

இன்று அவர் சந்நிதியில் நாம் என்ன செய்கிறோம்? பலமாகக் கைதட்டுகிறோம், விரலைச் சொடுக்குகிறோம். சிவன் உடைமை எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதைக் காட்ட, இரு கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டுவதே முறை என்பர் பெரியோர். பசுவைக்கூட அதட்டாத அடியாரை நாம் அதட்டலாமா?

பசுவும் பதியும்

சைவ சித்தாந்தம் உயிருக்கு இட்ட பெயரே 'பசு' என்பது. பாசம் என்னும் கயிற்றால் கட்டுண்டதனால் உயிர் பசு. அதை ஆள்பவன் பதி. இப்பெயரை ஏட்டில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. கமலைச் சரிவில் மண்டியிட்ட மயிலையை நினைத்தபோது விளங்கிற்று. அன்று நான் பதியின் இடத்தில் நின்றேன், தவறாக நின்றேன். ஆனால் என்னை ஆளும் பதி அவ்வாறு நிற்பதில்லை. நான் எத்தனை முறை வழிதவறி நின்றிருக்கிறேன்! எத்தனை முறை நுகத்தை உதறியிருக்கிறேன்! அவன் தார்க்குச்சியை எடுக்கவில்லை. குரல் கொடுத்தான், காத்திருந்தான். கையில் ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தவனுக்கே, தன்னைப் பிடித்திருக்கும் கயிற்றின் மென்மை புலப்படும்.

திருமூலர் வரலாறும் இதையே கூறும். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறி வருந்தின. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் அப்பசுக்களின் துயர் தீர்க்கவே மூலன் உடலில் புகுந்தார். தமிழாகமமாகப் போற்றப்படும் திருமந்திரம் பிறக்கக் காரணமாயின அந்தப் பசுக்களின் கண்ணீர்த் துளிகள்.

இன்று நாம் செய்ய வேண்டுவன

கமலை போயிற்று, உழவு மாடும் பெரும்பாலும் போயிற்று. நம் பகுதியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமே சோறு போடுகின்றன. இக்காலப் பிள்ளைகள் மாட்டைத் தொடுவதே அரிது. எனினும் திருக்கோயிலுக்கு வரும்போது பசுவையும் யானையையும் காண்கிறோம். அங்கே நாம் நடந்துகொள்ளும் முறையே நம் வழிபாட்டின் தரத்தைக் காட்டிவிடும்.

பசு மடத்துக்குச் செல்கிறோம். அன்பின் மிகுதியால் பழமும் சோறும் சர்க்கரைப் பொங்கலும் அள்ளி ஊட்டுகிறோம். அசைபோடும் உயிரின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் உரியது. சமைத்த சோறு மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே தீங்காகும் என்று கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் எச்சரிக்கிறார்கள். நமக்கு இனிப்பதை அதற்கு ஊட்டுவது அன்பன்று. அதற்கு வேண்டியது எது என்று கேட்டறிந்து கொடுப்பதே அன்பு. கோயிலுக்குப் பசுவைத் தானம் அளித்தவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று அது எவ்வாறு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யானையிடம் ஒரு நாணயத்தை நீட்டித் தலையில் துதிக்கை வைக்கச் சொல்கிறோம். வெயிலில் கல்தரையில் அது எத்தனை நேரம் நிற்கிறது என்று எண்ணுவதில்லை. திருக்கோயில் யானைகளுக்கென்று 2003-ஆம் ஆண்டு முதுமலையில் புத்துணர்வு முகாம் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் நடந்தது. நல்ல பணி. அந்த முகாமிலேயே 2021-இல் யானை ஒன்று பாகரால் அடிபட்டுப் பிளிறிய காட்சி வெளியாகி, பார்த்தோர் நெஞ்சை உலுக்கியது. அதைக் கேட்ட அன்று அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. பிறரைப் பழிக்க எனக்குத் தகுதி இல்லை. 13 வயதில் நான் ஓங்கிய கோலும் அதுவே. ஆசி வேண்டி நிற்கும்முன், ஆசி வழங்கும் உயிர் நலமாக உள்ளதா என்று பார்ப்பது அடியார் கடமை.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். பட்டாசு நம் ஊரின் உணவு. அதை அடியேன் பழிக்கவில்லை. ஆயினும் திருவிழாவில் வேட்டுப் போடும்போது, அருகில் கட்டிக்கிடக்கும் மாடு ஓட இயலாமல் கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்குவதை எண்ண வேண்டும். நம் செவிக்கு எட்டாத நுண்ணொலியும் அவற்றின் செவிக்கு எட்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், நாடி வந்த பறவைகள் அஞ்சக்கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடி செய்யும் ஊரார் நாம், கால்நடையைத் தொலைவில் கட்டிவிட்டுப் பிறகு வெடிப்பது என்னும் அளவிலாவது அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நிறைவாக, தொழுவத்தில் கற்றவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒன்று: திருமுன் நுழையுமுன் வாசலில் ஒரு கணம் நில்லுங்கள். ஓடிவந்து நெருக்காதீர்கள்.

இரண்டு: நாள்தோறும் ஒரே நேரத்தில் வழிபடுங்கள். சிறிது நேரமாயினும் தவறாது செய்யுங்கள்.

மூன்று: வேண்டுதலுக்கு முன் பிழை பொறுக்கச் சொல்லுங்கள். அப்பிழை எந்த உயிருக்குச் செய்ததோ, அவ்வுயிரிடம் முதலில் செல்லுங்கள்.

நான்கு: வாரத்தில் ஒருநாளேனும் ஒன்றும் கேளாமல் நின்றுவிட்டுத் திரும்புங்கள்.

ஐந்து: நடக்க மறுத்து நிற்கும் எதையும் அடித்து ஓட்டுமுன், இறைவன் அங்கே எழுந்தருள விரும்புகிறானோ என்று ஒருமுறை எண்ணுங்கள்.

மயிலை மேலும் ஆறு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு, தந்தையார் இசையவில்லை. அதன் இறுதி நாளில் அடியேன் வெளியூரில் புலவர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தி கிட்டி வந்து சேர்ந்தபோது தோட்டத்து வேப்பமரத்தடியில் அடக்கம் முடிந்திருந்தது. தந்தையார் ஒரு பிடி மண்ணை என் கையில் கொடுத்தார். ஒன்றும் கேளாமல் அதை நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

வாயில்லா உயிர்களின் வாயிலாக நமக்குப் பணிவைக் கற்பிக்கும் பசுபதியும், ஆநிரை காத்த கோவிந்தனும் உங்கள் இல்லந்தோறும் மழையும் பாலும் மங்கலமும் பெருக அருள்புரிவார்களாக. மேய்ச்சலில் உள்ளவை வயிறு நிறைந்து வீடு திரும்புக. தொழுவில் உள்ளவை அச்சமின்றி உறங்குக. தொழ வந்த நாம் அனைவரும் நலம் பெறுவோமாக.